தட்டுல இருந்து எடுக்கச் சொல்றோம், பதிலுக்கு என்ன வைக்கிறோம்? தாவர உணவு நிகழ்ச்சி நடத்துற குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கறி, பால், முட்டை எதுவும் இல்லாத தாவர உணவை நாலு பேருக்கு கொண்டு போய் சேர்க்கணும்னு லீவு நாள் தூக்கத்தை விட்டுட்டு வந்து டேபிள் போடுறீங்களே, பாத்திரம் தூக்குறீங்களே, வெயில்ல நின்னு நோட்டீஸ் கொடுக்குறீங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். அதுலயும் குழுவை நடத்துறவங்க, எந்த நிகழ்ச்சி, எவ்வளவு காசு, எத்தனை ஆள்னு முடிவு பண்றவங்க கொஞ்சம் நிதானமா படிங்க. நான் வெளியில நின்னு குறை சொல்ற ஆள் இல்ல. பல வருஷமா அதே டேபிளுக்கு பின்னாடி நின்னவன், மைக் பிடிச்சு பேசினவன், இன்னைக்கும் இதை மனசார நம்புறவன். வருஷத்துக்கு 8,000 கோடிக்கு மேல கோழி, பன்னி, ஆடு, மாடுன்னு நிலத்துல வாழுற உயிர்களை சாப்பாட்டுக்காக கொல்றோம், மீனை எண்ணிக்கையில கூட யாரும் எண்ணுறதில்ல, டன் கணக்குல தான் எழுதுறாங்க. இது எனக்கு ராத்திரி தூக்கத்தை கெடுக்குற விஷயம். அதனாலதான் நம்ம வேலை ஒழுங்கா நடக்கணும்னு இவ்வளவு ஆதங்கம்.

ஒரு நிகழ்ச்சியில நடந்ததை சொல்றேன். ஒரு அக்கா வந்தாங்க, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில துணிப்பை. நேரா என்கிட்ட வந்து, "தம்பி, போன தடவை நீங்கதான எனக்கு பேப்பர் கொடுத்தீங்க"ன்னாங்க. எனக்கு சத்தியமா ஞாபகம் இல்ல, இருக்கும்க்கான்னு சொன்னேன். பையில இருந்து நம்ம நோட்டீஸை எடுத்தாங்க. நாலா மடிச்சு, மடிப்புல கிழிஞ்சு, ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை. அடுப்பு பக்கத்துல வெச்சு வெச்சு பாத்திருக்காங்க, பாத்தாலே தெரியுது. "இதுல போட்டிருந்த மாதிரியே எல்லாத்தையும் நிறுத்திட்டேன் தம்பி. கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொடல. ரெண்டு மாசம் இருந்தேன். அப்புறம் ஒரே அசதி, படி ஏறினா மூச்சு வாங்குது, வீட்ல எல்லாரும் திட்ட ஆரம்பிச்சாங்க, விட்டுட்டேன். இதுல ஒரு நம்பர் போட்டிருக்கீங்களே, அதுக்கு மூணு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல."

கோவமா கூட சொல்லல அவங்க. வாங்கின பொருளை திருப்பி வைக்கிற மாதிரி அந்த பேப்பரை டேபிள் மேல வெச்சாங்க.

பக்கத்துல நின்ன வாலண்டியர் பையன் உடனே "வைட்டமின் பி12 குறைஞ்சிருக்கும்க்கா"ன்னான். எனக்கும் வாய்ல அதான் வந்துச்சு. ஆனா கொஞ்சம் யோசிச்சு பாருங்க, சாதாரணமா நல்லா சாப்பிட்டுட்டு இருந்த ஒருத்தருக்கு பி12 ரெண்டு மாசத்துல தீராது, கல்லீரல்ல வருஷக்கணக்குக்கு இருப்பு இருக்கும். உடம்பு அதை ஏற்கெனவே சரியா உறிஞ்சாதவங்களுக்கு வேணா சீக்கிரம் தெரியும். அதனால நான் வேற கேள்வி கேட்டேன், அந்த ரெண்டு மாசமும் என்னக்கா சாப்பிட்டீங்கன்னு. "வீட்ல எல்லாருக்கும் எப்பவும் போலதான் சமைச்சேன், அதுல கறி மீனை தள்ளிட்டு மிச்சத்தை நான் சாப்பிட்டேன். சோறு, கொஞ்சம் காய். காலைல பாலில்லாம டீ." அவ்வளவுதான். பருப்பு? "எப்பவாவது." கொண்டைக்கடலை, பயறு? "வாயு பிடிக்கும், வாங்கறதில்ல."

நான் டாக்டர் இல்ல, ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாருங்கக்கான்னு சொல்லித்தான் அனுப்பினேன். ஆனா அவங்க தட்டை மனசுல நினைச்சுப் பாத்தா என் கண்ணுக்கு ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது, அவங்க சாப்பாட்டுல இருந்து நாலு பொருளை எடுத்துட்டாங்க, அந்த எடத்துல ஒண்ணு கூட வைக்கல. வெந்த சோறு 100 கிராம்ல 3 கிராம் புரதம் கூட வராது, வெந்த பருப்பு 100 கிராம்ல 9 கிராம் கிட்ட வரும். மீனும் முட்டையும் போன எடத்துல ஒரு கிண்ணம் பருப்போ கடலையோ வந்திருந்தா கதையே வேற. மொத்தமா சாப்பிடுற அளவே குறைஞ்சு போயிருக்கும், அசதி வராம என்ன பண்ணும்? அந்த நோட்டீஸை திருப்பி படிச்சேன். முன்பக்கம் முழுக்க எதையெல்லாம் விடணும், ஏன் விடணும். பின்பக்கம் பாதிக்கு மேல போட்டோ. கீழ சின்ன எழுத்துல "காய், பழம், பருப்பு, கொட்டை வகைகள் சாப்பிடுங்கள்"னு ஒரு வரி. எழுதினதுல நானும் ஒருத்தன். எடுக்கச் சொன்னோம், வைக்கச் சொல்லல. அப்புறம் போனையும் எடுக்கல.

இது ஒரே ஒரு அக்கா கதை இல்ல. 2014ல அமெரிக்காவுல 11,000 பேருக்கு மேல வெச்சு ஃபானலிட்டிக்ஸ்ங்கிற அமைப்பு ஒரு ஆய்வு பண்ணுச்சு, அது விலங்குகளுக்கு ஆதரவா வேலை செய்றவங்களுக்காகவே ஆய்வு பண்ற அமைப்பு, அதாவது நம்ம பக்கத்து ஆளுங்க. அதுல வந்த முடிவு நம்மள்ல நிறைய பேருக்கு பிடிக்காது. வெஜிடேரியனாவோ, பால் முட்டையும் விட்ட வீகனாவோ மாறினவங்கள்ல 84 சதவீதம் பேர் திரும்ப பழைய சாப்பாட்டுக்கே போயிட்டாங்க. போனவங்கள்ல மூணுல ஒருத்தர் முதல் மூணு மாசத்துக்குள்ளயே, பாதிக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள. இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமா பட்டுச்சு, திரும்பிப் போனவங்கள்லயும் 84 சதவீதம் பேர் நாங்க எந்த குழுவுலயும் ஈடுபாட்டோட இருந்ததில்லன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு 84ம் வேற வேற கணக்கு, குழப்பிக்காதீங்க. குழு இல்லாததாலதான் விட்டாங்கன்னு இதை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஒரு நாட்டு கணக்கை எல்லா ஊருக்கும் அப்படியே ஒட்டவும் முடியாது. ஆனா நான் டேபிளுக்கு பின்னாடி நின்னு பாத்ததும் இதுவும் ஒண்ணாதான் இருக்கு. மனசு மாறுறது ஒரு நாள்ல நடந்துருது, சமையலறை மாற மாசக்கணக்கு ஆகுது, நாம அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் கூட இருக்கோம்.

அதனால நான் கேக்குறது இதுதான். நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேரமும் காசும் வெக்கிறீங்களோ அதுல பாதியை நிகழ்ச்சிக்கு அடுத்து வர்ற மூணு மாசத்துக்கு ஒதுக்குங்க. ஆறு ஏரியால ஆறு ஸ்டால் போடுறதுக்கு பதிலா ரெண்டு ஏரியால மும்மூணு தடவை போங்க. முதல் நாளே போர்டுல அடுத்த தேதியை எழுதி வைங்க, "அடுத்த மாசம் இதே கிழமை இதே எடம், என்ன சந்தேகம்னாலும் வாங்க"ன்னு. அதைப் பாத்த உடனே வர்றவங்க முகம் மாறுறதை நான் பாத்திருக்கேன், ஏன்னா வந்து சொல்லிட்டு ஓடிப்போற ஆளுங்க இல்ல இவங்கன்னு புரியுது. நோட்டீஸ்ல நம்பர் போட்டா அதை எடுக்க ஒரு ஆள் வேணும், எந்த நாள் எந்த நேரம் எடுப்பாங்கன்னும் போடுங்க. எடுக்க ஆள் இல்லன்னா நம்பரே போடாதீங்க, தயவு செஞ்சு. அந்த அக்கா மூணு தடவை அடிச்சிருக்காங்க. ஒரு தடவை எடுத்திருந்தா போதும்.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறீங்க, நல்லது, ஆனா ஐநூறு பேரை ஒரே குரூப்ல போட்டு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வெட்டுற வீடியோவும் நியூஸ் லிங்கும் போட்டா புதுசா வந்தவங்க ரெண்டாம் நாளே ம்யூட் பண்ணிட்டு போயிடுவாங்க. அவங்களுக்கு வேண்டியது அது இல்ல. "இன்னைக்கு ராத்திரிக்கு என்ன பண்றது", "மாமியார் கேட்டா என்ன சொல்றது", "பிள்ளை சாப்பிட மாட்டேங்குறான்", இதான் அவங்க கேள்வி. பதினஞ்சு இருபது பேர் இருக்குற சின்ன குரூப், அதுல ரெண்டு வருஷம் மூணு வருஷம் இப்படி சாப்பிட்டு பழகின ரெண்டு பேர், மூணு மாசம், போதும். யாராவது நேத்து முட்டை சாப்பிட்டுட்டேன்னு போட்டா அவங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அதுல மட்டும் கறாரா இருங்க. விழுந்தவங்களை திட்டுற எடத்துல யாரும் ரெண்டாவது தடவை உண்மையை சொல்ல மாட்டாங்க.

அடுத்து சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுலதான் நிறைய சொல்ல இருக்கு.

நிகழ்ச்சியில சாம்பிள் கொடுக்குறோம். பெரும்பாலும் கடைல வாங்கின பாக்கெட் அயிட்டம், கறி மாதிரியே இருக்குற ஏதோ ஒண்ணு, வறுத்து குச்சி குத்தி கொடுப்போம். சாப்பிட்டு பாத்துட்டு "நல்லாருக்கே"ன்னு சொல்லுவாங்க, எங்க கிடைக்கும்னு கேப்பாங்க, விலையை கேட்டுட்டு சிரிச்சிட்டே போயிடுவாங்க. அந்த பொருள் தப்புன்னு சொல்லல, சிலருக்கு அது பெரிய உதவி. ஆனா தினமும் வீட்ல செய்ய முடியாததை சாம்பிளா கொடுத்தா இது வசதி இருக்குறவங்க சமாச்சாரம்னு நாமளே ஊருக்கு சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அடுப்பை வைங்க. அங்கயே, அவங்க கண்ணு முன்னாடி சமைங்க. ஒரு பானை கடலை வேகுற வாசனைக்கு நிக்கிற கூட்டம் மைக்ல பேசுறதுக்கு நிக்கிறதில்ல.

ஒரு உதாரணம். ஒரு தடவை காபி ஸ்டால் மாதிரி வெச்சு சோயா பால்ல காபி போட்டு கொடுத்துட்டு இருந்தோம். கொதிக்க கொதிக்க கடுங்காபி, அதுல பெட்டியில இருந்து எடுத்த ஜில்லுனு சோயா பாலை ஊத்தினா என்ன ஆகும்? திரிஞ்சு போச்சு, மேல வெள்ளை வெள்ளையா துணுக்கு மிதக்குது. ஒரு பெரியவர் கப்பை உத்துப் பாத்துட்டு "கெட்டுப் போன பாலப்பா இது"ன்னு வெச்சிட்டு போயிட்டார், அவர் பின்னாடி நின்ன ஏழெட்டு பேரும் கலைஞ்சுட்டாங்க. பால் கெடவே இல்ல. காபியில இருக்குற புளிப்பும் அந்த சூடும் சேர்ந்தா சோயா புரதம் திரண்டுக்கும், அவ்வளவுதான். பாலை தனியா இளஞ்சூடா சூடு பண்ணி கப்புல முதல்ல பாலை ஊத்திட்டு, கொஞ்சம் ஆறின காபியை அது மேல மெதுவா ஊத்தினா திரியறது ரொம்ப குறையும். டீயில இந்த தொல்லை கம்மி. அடுத்த தடவை அதையே ஆளுங்க முன்னாடி செஞ்சு காட்டினோம், ஒரு கப்புல தப்பா, ஒரு கப்புல சரியா, பக்கத்து பக்கத்துல. அன்னைக்கு டேபிளை விட்டு யாரும் நகரல. வீட்டுக்கு போய் அவங்க செய்யும்போது திரிஞ்சா ஏன்னு அவங்களுக்கே தெரியும், பாக்கெட்டை குப்பையில போட மாட்டாங்க.

டோஃபுவும், அதான் சோயா பால்ல செய்ற பனீர் மாதிரி கட்டி, இப்படித்தான். பாக்கெட்ல இருந்து எடுத்து அப்படியே போட்டு, ஊறின பஞ்சு மாதிரி இருக்குன்னு துப்புறாங்க. அதை ஒரு சுத்தமான துணியில சுத்தி, மேல ஒரு தட்டு, தட்டு மேல கனமா ஏதாவது வெச்சு இருபது நிமிஷம் விட்டா துணி நனைஞ்சு சொட்டும், அவ்வளவு தண்ணி இருக்கும் உள்ள. அப்புறம் துண்டு போட்டு, உப்பு காரம் புளிப்பு தடவி, நல்லா காஞ்ச கல்லுல போட்டு ஓரம் செவக்க விட்டா அது வேற பொருள். இதை எழுதிக் கொடுத்தா யாருக்கும் புரியாது. அந்த துணியை பிழிஞ்சு காட்டணும்.

வாயு பிரச்சனையை நாம பேசுறதே இல்ல. அந்த அக்கா கடலை வாங்காததுக்கு காரணமே அதுதான். கடலை, பீன்ஸ், பயறுல இருக்குற சில சர்க்கரையை நம்ம சிறுகுடலால செரிக்க முடியாது, அது பெருங்குடலுக்கு போய் அங்க இருக்குற பாக்டீரியா தின்னு வாயு உண்டாக்குது. ராத்திரி ஊற வெச்சு அந்த தண்ணியை கொட்டிட்டு புது தண்ணியில நல்லா குழைய வேக வெச்சா குறையும். முதல் வாரம் ரெண்டு மூணு ஸ்பூன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினா பெரும்பாலானவங்களுக்கு வயிறு பழகிடும். இதை சொல்லாம "தினமும் ரெண்டு கப் பயறு சாப்பிடுங்க"ன்னு சொன்னா மூணாவது நாள் வயித்தை பிடிச்சுக்கிட்டு நம்மள திட்டுவாங்க.

சமைக்கிறோம்னா பாதுகாப்பும் நம்ம பொறுப்பு. சிவப்பு ராஜ்மா ஊற வெச்சு அரைவேக்காட்டுல கொடுத்தா வாந்தி, வயித்துப்போக்கு வந்துரும், அதுல ஒரு நச்சுப்பொருள் இருக்கு, நல்லா கொதிச்சாதான் போகும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊற வெச்சு, தண்ணியை கொட்டிட்டு, புது தண்ணியில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விடுங்க. மெதுவா சூடேத்துற குக்கர்ல போட்டு சும்மா விட்டுடாதீங்க, அந்த சூடு பத்தாது. அப்புறம் ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாடியும் என்னென்ன போட்டிருக்குன்னு பெரிய எழுத்துல எழுதி வைங்க. நிலக்கடலை, முந்திரி, எள்ளு, சோயா, கோதுமை, நம்ம சமையல்ல அடிக்கடி வர்றதெல்லாம் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. ஒரு தாய் பிள்ளையை பிடிச்சுக்கிட்டு "இதுல நிலக்கடலை இருக்கா"ன்னு கேட்டு, வாலண்டியர் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னதை நான் பாத்தேன். அந்தம்மா அங்கேயே பிள்ளையை தூக்கிட்டு கிளம்பிட்டாங்க, அவங்க செஞ்சதுதான் சரி.

இப்ப பி12. இதை மறைக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அதை விட்டாகணும். செடி கொடி எதுவும் பி12 உண்டாக்குறதில்ல, பாக்டீரியாதான் உண்டாக்குது. கழுவாத காய்ல ஒட்டியிருக்குற மண்ணுல இருக்கு, சுருள்பாசியில (ஸ்பைருலினா) இருக்குன்னு ஸ்டால்ல நின்னு சொல்றதை என் காதால கேட்டிருக்கேன், அதை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசியில இருக்குறதுல பெரும்பகுதி நம்ம உடம்புக்கு பயன்படாத போலி வடிவம். பி12 சேர்த்த உணவு, இல்லன்னா மாத்திரை. பிரிட்டன்ல 1944ல தொடங்கின வீகன் சொசைட்டியே, வீகன்ங்கிற சொல்லையே உலகத்துக்கு கொடுத்தவங்க, தினம் 10 மைக்ரோகிராமாவது மாத்திரையா எடுங்க, இல்லன்னா வாரத்துக்கு ஒரு தடவை 2,000 மைக்ரோகிராம்னு வெளிப்படையா சொல்றாங்க. அவங்களுக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதுக்கு? "அப்ப இது இயற்கைக்கு மாறான சாப்பாடா"ன்னு யாராவது கேட்டா, ஆமா ஒரு மாத்திரை வேணும், அது இது இதுக்காக, பதிலுக்கு இவ்வளவு உயிர் தப்பிக்குதுன்னு நேரா சொல்லுங்க. மறைச்சு வெச்சு ரெண்டு வருஷம் கழிச்சு கை கால் மரத்துப் போய் ஒருத்தர் டாக்டர்கிட்ட போய் நின்னா, அவருக்கு மட்டும் இல்ல, அவர் தெருவுக்கே நம்ம மேல இருக்குற நம்பிக்கை போயிடும். இரும்புச்சத்தும் அப்படித்தான், பயறு கீரையோட எலுமிச்சையோ தக்காளியோ சேருங்க, சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்கன்னு சொல்றதுக்கு அரை நிமிஷம் ஆகாது. கர்ப்பிணிகள், சின்ன பிள்ளைங்க, ஏற்கெனவே மருந்து சாப்பிடுறவங்க வந்தா நாமளா எதுவும் சொல்லாம டாக்டரையோ டயட்டீஷியனையோ பாக்கச் சொல்லுங்க.

பயமுறுத்துற போஸ்டரை பத்தியும் சொல்லணும். 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்தின இறைச்சியை (சாசேஜ், பேக்கன் மாதிரி), புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான ஆதாரம் இருக்குற முதல் பிரிவுல, சிகரெட் இருக்குற அதே பிரிவுல சேர்த்துச்சு, உண்மை. உடனே நாம "கறியும் சிகரெட்டும் ஒண்ணு"ன்னு போஸ்டர் அடிச்சோம், அது உண்மை இல்ல. அந்த பிரிவு எவ்வளவு ஆபத்துன்னு சொல்ற அளவுகோல் இல்ல, ஆதாரம் எவ்வளவு உறுதியா இருக்குன்னு சொல்ற அளவுகோல். தினமும் 50 கிராம் பதப்படுத்தின இறைச்சி சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 18 சதவீதம் கூடுதுன்னுதான் அவங்க சொன்னது, அதுவும் ஏற்கெனவே இருக்குற வாய்ப்புல 18 சதவீதம். பதப்படுத்தாத சிவப்பு இறைச்சி அடுத்த பிரிவுலதான் இருக்கு. உண்மையே போதுமான அளவுக்கு பலமா இருக்கும்போது எதுக்கு ஊதி பெருசாக்கணும்? நிலத்தை பத்தி சொல்லுங்க. 119 நாட்டுல 38,000க்கும் மேல பண்ணைகளோட விவரத்தை வெச்சு 2018ல வந்த ஆய்வு, பண்ணை நிலத்துல 83 சதவீதத்தை கால்நடை சார்ந்த உணவும் மீன் வளர்ப்பும் எடுத்துக்குது, ஆனா அதுல இருந்து நமக்கு கிடைக்கிறது 18 சதவீத கலோரியும் 37 சதவீத புரதமும்தான்னு சொல்லுது. இதை ஒரு பெரிய தட்டை வரைஞ்சு காட்டுங்க, பள்ளிக்கூட பிள்ளைக்கு கூட புரியும், எவனும் வந்து பொய்னு சொல்ல முடியாது.

வார்த்தையில கவனம் வேணும். "சைவம்"னு போர்டு வெச்சா பாலும் நெய்யும் உள்ள வந்துரும், அப்புறம் அதை விளக்கவே அரை நாள் போயிடும். "தாவர உணவு"ன்னே எழுதுங்க, இல்லன்னா "பால், முட்டை, கறி எதுவும் இல்லாத சமையல்"னு நீட்டியே எழுதுங்க. ஆனா "சுத்தமான உணவு"ன்னு மட்டும் எழுதவே எழுதாதீங்க. நம்மது சுத்தம்னா எதிர்ல நிக்கிறவர் சாப்பாடு அசுத்தமா, அவர் அம்மா சமைச்சு கொடுத்தது அசுத்தமா? அந்த ஒரு வார்த்தையில எத்தனை பேரோட மனசுல பழைய காயம் கிளறுதுன்னு நினைச்சு பாருங்க. நாம வந்தது உயிருக்காக, யாரையும் விட ஒசத்தின்னு காட்ட இல்ல. கறிக்கடைல வேலை பாக்குற ஒருத்தர், மாடு வெச்சு பொழைக்கிற ஒருத்தர் ஸ்டாலுக்கு வந்து நின்னா அவருக்கு முதல்ல நாற்காலி போடுங்க, சாப்பிட கொடுங்க, அவர் சொல்றதை கேளுங்க. வெட்டுற வீடியோவை பெரிய திரையில தெருவை பாத்து ஓட விடாதீங்க, கைக்குழந்தையோட வர்றவங்க அந்த பக்கமே திரும்ப மாட்டாங்க. பாக்கணும்னு கேக்குறவங்களுக்கு தனியா ஒரு ஓரத்துல காட்டுங்க, கேட்டு பாத்தவங்க மனசுலதான் அது நிக்கும்.

கடைசியா ஒரு விஷயம், தெருவுல நிக்கிறதோட நிறுத்தாதீங்க. காலேஜ், ஆபீஸ், ஆஸ்பத்திரி கேன்டீன் நடத்துறவங்களை போய் பாருங்க. கறியை எடுங்கன்னு சண்டை போடாதீங்க, இருக்குற வரிசையில ஒரு தாவர உணவு கூட வைங்கன்னு கேளுங்க. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக கேன்டீன்கள்ல 94,000க்கும் மேல சாப்பாட்டு விற்பனையை வெச்சு பாத்தாங்க, 2019ல வெளியாச்சு. நாலு அயிட்டத்துல ஒண்ணு கறியில்லாததா இருந்ததை ரெண்டா மாத்தினாங்க, கறியில்லா சாப்பாடு விக்கிறது முன்னாடி இருந்ததை விட குறைஞ்சது 41 சதவீதம், அதிகபட்சம் 79 சதவீதம் கூடிச்சு, மொத்த வியாபாரமும் பெருசா குறையல. அதுலயும் எப்பவும் கறியே வாங்குறவங்ககிட்டதான் மாற்றம் அதிகமா தெரிஞ்சுது. யாரும் பிரசங்கம் பண்ணல, நோட்டீஸ் கொடுக்கல, தட்டுல வெச்சாங்க, அவ்வளவுதான். அங்க இருந்தது வெஜிடேரியன் சாப்பாடு, எல்லாமே முழு தாவர உணவு இல்லங்கிறதையும் சேர்த்தே சொல்லிடுறேன், ஆனா வழி அதேதான். பெல்ஜியத்துல கென்ட் நகரம் 2009லயே வியாழக்கிழமையை காய்கறி நாளா வெச்சு நகராட்சியும் பள்ளிக்கூடமும் சேர்ந்து நடத்துச்சு. வாரத்துல ஒரு நாள்ங்கிறது நம்மள்ல சிலருக்கு போதாது, முழுசா மாறணும்னு நினைப்பீங்க, எனக்கும் அந்த ஆசைதான். ஆனா சமையல்காரர் கை பழகணும், அவருக்கு நாலு அயிட்டம் நல்லா வரணும், அதுக்கு அந்த ஒரு நாள் வேணும். முடிஞ்சா ஒரு நாள் போய் அவர் கூடவே நின்னு சமைச்சு கொடுத்துட்டு வாங்க.

அந்த அக்காவை பத்தி விட்ட எடத்துல இருந்து சொல்லிடுறேன். அன்னைக்கு அவங்களை உக்கார வெச்சு, டெஸ்ட் எடுத்துட்டு வாங்கக்கா, அடுத்த மாசம் நான் இங்கதான் இருப்பேன்னு சொன்னேன். குழுவுல அடுத்த மாசத்துக்கு வேற ஏரியா பிளான் இருந்துச்சு, நான் மட்டும் ஒரு சின்ன டேபிள், ஒரு ஸ்டவ், ஊற வெச்ச கடலை கொஞ்சம் எடுத்துட்டு தனியா போய் உக்காந்தேன். வந்தாங்க. ரத்தசோகை இருக்குன்னு டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார், இப்ப சாப்பாடு நாலு நாள் தாவரம், மூணு நாள் பழையபடின்னாங்க. கடலையை எப்படி ஊற வைக்கணும்னு கேட்டாங்க, சொன்னேன். அதுக்கு அடுத்த மாசம் பக்கத்து வீட்டு பொண்ணையும் கூட்டிட்டு வந்தாங்க.

அதனால, நீங்க அடுத்த ஸ்டால் பிளான் போடும்போது எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, கடலை நான் ஊற வெச்சு எடுத்துட்டு வர்றேன், ஸ்டவ்வும் என்னோடது இருக்கு. போர்டை எழுதும்போது கீழ அடுத்த மாச தேதிக்கு எடம் விட்டு எழுதுங்க.